முகில் மறைத்த மலைகள்

திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே கடலோரமாக அமைந்த பழம்பதியாகிய திரியாயில், கந்தசாமி மலை என ஊரவர் வழங்கும் குன்றொன்று உளது. கிரிகண்டி எனப் பண்டை நூல்களும் சாசனமும் குறிப்பது இக்குன்றினையே என்பர். அதன் பாறையொன்றில் பல்லவர் காலத்துக் கிரந்தத்தை ஒத்த எழுத்தில் வடமொழிச் சாசனம் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கின்றது. கடலோடுதலில் வல்லவராய், பலவகைப் பண்டங்களை மரக்கலங்களிலேற்றி வாணிகஞ் செய்த கூட்டத்தாரைப் பற்றி அது பேசுகின்றது. அவர்கள் பெயரால் எழுந்த சைத்தியம் கடற்கரையின் மணலில் அமையாது குன்றின் உச்சியில் அமைந்தமை கருதத்தக்கது. கீழ்க்கரை தாழ்ந்த கரை. கடலில் வரும் ஓடக்காரனுக்குக் கரை தெரியுமுன் குன்று தெரியும். குன்றைக் கண்டவன் தான் எங்கே நிற்கின்றான் என்பதை அறிந்துகொள்வான். வாணிகர் அக்குன்றைப் போற்றியதற்குச் சமயப் பற்றோடு இந்நன்றியும் ஒரு காரணமாயிருந்திருக்கலாம்.

கடலோடிக்கு வழிகாட்டியாக நின்ற மலை, வானோடிக்கு வேறொரு தோற்றங் காட்டிற்று. கண்ணுக்குப் புலப்படுமளவும் அது விமானிக்கும் நல்ல குறியே. முகில் மறைத்த பின்னரே கூற்றாக மாறுகின்றது. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மலைகளில் மோதி அழிந்த விமானங்களின் வரலாற்றைத் தொகுத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். அவற்றுட் பலவற்றில் இயந்திரம் பழுதுற்றதில்லை; இறகு முறிந்ததில்லை. விமானம் நன்றாகவே பறந்துகொண்டிருந்தது. பழுதுற்றது, தான் எங்கே இருக்கின்றோம் என்னும் அறிவு ஒன்றே.

இந்நாட்டில் விமானப் போக்குவரவு மலைநாட்டிற் பிறந்ததன்று. 1947 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10 ஆந் திகதி ஏயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. அது டக்கோட்டா வகையைச் சார்ந்தது. இரண்டு இயந்திரங்களும் இருபது முப்பது பேருக்கான இருக்கைகளும் உடையது. சீதாதேவி என்பது அதற்கிட்ட பெயர். மேல்கரையின் சமவெளியும் வன்னியின் காடும் பாக்குநீரிணையும் கடந்து செல்லும் அப்பாதையில் விமானத்தின் குறுக்கே நிற்கவல்ல மலை எதுவும் இல்லை. மழையும் முகிலும் அங்கும் உண்டு. ஆயின் முகிலினுள் மறைந்து கிடக்கும் பாறை இல்லை. கடலோரத்திற் பிறந்தவர்கள் மலைநாட்டு வானத்தின் இயல்பை எளிதில் உணராமைக்கு இதுவும் ஒரு காரணமெனலாம்.

மலைநாட்டு வானத்தின் இயல்புதான் யாது? வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் நீராவியைச் சுமந்து வருகின்றது. சமவெளியின்மேற் பரந்து செல்லும் அக்காற்று மலைமுகத்தை எதிர்ப்படும்போது மேலேறுவதல்லாது வேறு வழியில்லை. உலர்ந்த காற்று ஒவ்வோராயிரம் அடி மேலேறுந்தோறும் ஏறத்தாழ 3 பாகை செல்சியசு அளவு குளிர்வடையும். குளிர்ந்த காற்று தன் நீராவியைத் தாங்கமாட்டாது முகிலாக விடுகின்றது. ஆகவே முகில் எங்கிருந்தோ வந்து மலையில் தங்குகின்றதென்று கருதுவது முற்றும் பொருந்தாது. மலையே முகிலை ஆக்குகின்றது. காலையில் தெளிந்திருந்த பள்ளத்தாக்கு அரை மணித்தியாலத்தில் மூடுண்டு போவதும், ஒரு முகடு தெளிந்திருக்க அடுத்த முகடு மறைந்திருப்பதும் இதனாலேயே. மலையின் மறுபுறத்தில் காற்று கீழ்நோக்கி வீழும். பாரிய விமானங்கள் அவ்வீழ்ச்சியை எதிர்த்து ஏறிவிடக்கூடும். சிறிய விமானத்தின் ஏறும் வலிமையைக் காட்டிலும் அவ்வீழ்ச்சி மிகுந்துவிடுதலும் உண்டு.

இவ்விடத்தில் உயரமானி என்னும் கருவியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். மாணவர் பலர் அது தரையிலிருந்து விமானம் எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதைக் காட்டுவதாக எண்ணுகின்றனர். உண்மையில் அது காற்றமுக்கத்தை அளக்கும் பாரமானியே. கடல்மட்டத்தை அண்டிய உயரங்களில் ஒரு மில்லிபார் அமுக்கம் ஏறத்தாழ முப்பது அடிக்குச் சமமாகும். அமுக்கம் குறைந்த பிரதேசத்துட் புகுந்த விமானி கருவியைத் திருத்தி அமைக்காதுவிடின், பத்து மில்லிபார் வேறுபாட்டுக்கு முந்நூறு அடி உயரத்தில் ஏமாறுவான். உள்ள உயரத்தைவிட மிகுதியாகவே கருவி காட்டும். கருவி செம்மையாகத் திருத்தப்பட்டிருப்பினும் அது காட்டுவது கடல்மட்டத்திலிருந்து அளந்த உயரமேயன்றிக் கீழேயுள்ள தரையின் செய்தியன்று. ஐயாயிரம் அடி என்று கருவி காட்டும். முன்னே நிற்பது ஆறாயிரம் அடி மலை என்பதை அது சொல்லாது. அதனைச் சொல்லவேண்டியது தேசப்படமும், தேசப்படத்தில் தன் இடத்தைச் சரியாகக் குறித்தறிந்த விமானியின் மனமுமாம்.

இரண்டாம் உலகப்போரின்போது இலங்கையுடன் தொடர்புற்ற ஒரு பேரிழப்பு இவ்வகையில் நேர்ந்தது. அது நிகழ்ந்த இடம் இலங்கையன்று, பிரான்சு தேசத்து அல்ப்சு மலை. 1944 ஆம் ஆண்டு சித்திரை மாதமளவில் தென்கிழக்காசிய நேசப்படைத் தலைமைப்பீடம் கண்டிக்கு வந்துவிட்டது. அதன் விமானப்படைத் தலைவராக நியமிக்கப்பட்டவர் எயர் சீவ் மார்சல் சேர் திறாபோட் லீ-மலரி என்பார். நோர்மண்டிப் படையிறக்கத்தில் நேசநாட்டு விமானப்படைகளை நடத்தியவர். அவ்வாண்டு நவம்பர் 14 ஆந் திகதி, மனைவியாருடன் யோர்க் வகை விமானமொன்றில் இங்கிலாந்தைவிட்டுப் புறப்பட்டார். கிறனோபிள் நகருக்குக் கிழக்கேயுள்ள மலைப்பகுதியில் அவ்விமானம் மோதி அழிந்தது. அதிலிருந்த பதின்மருள் ஒருவரும் பிழைக்கவில்லை. அடுத்த ஆண்டு ஜூன் மாதத்திற் பனி உருகிய பின்னரே சிதைவுகள் கண்டெடுக்கப்பட்டன. வானிலை மிகக் கொடிதாயிருந்ததென்பதையும், விமானப் பணியாளரின் ஆலோசனையை மீறிப் பயணத்தைத் தொடர லீ-மலரி வற்புறுத்தியிராவிடின் விபத்து நேராதிருந்திருக்கலாம் என்பதையும் விசாரணை எடுத்துரைத்தது. இவருடைய தமையனாரே 1924 இல் எவரெஸ்டின் உச்சியை நாடிச் சென்று, முகிலிடையே இறுதியாகக் காணப்பட்டு மறைந்த ஜோர்ஜ் மலரி என்பவர். ஒரே குடும்பத்தின் இருவரை இருபதாண்டு இடைவெளியில் மலை கொண்டுவிட்டது.

ஒரு படைத்தலைவரின் அவசரம் அவ்விபத்தை விளக்கப் போதுமானது. தென்னிந்தியாவில் நிகழ்ந்த பிறிதொரு விபத்து அவ்வாறு எளிதில் விளங்கிக்கொள்ளத்தக்கதன்று.

1950 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 13 ஆந் திகதி, ஏயர் இந்தியா நிறுவனத்தின் டக்கோட்டா விமானமொன்று நீலகிரியில், கோத்தகிரிக்கு அண்மையில் மலையில் மோதிற்று. நீலகிரியின் வடபுறத்தே செங்குத்தாக எழுந்து நிற்கும் ரங்கசாமி தூண் என்னும் பாறையை அடுத்தது அவ்விடம். விமானத்திலிருந்த 21 பேரும் மாண்டனர். வழியறிதலில் நேர்ந்த பிழையே காரணமென முடிவு செய்யப்பட்டது. நீலகிரியின் அமைப்பை அறிந்தார்க்கு அப்பிழையின் கொடுமை புலப்படும். சமவெளி ஆயிரத்து முந்நூறு அடியளவில் இருக்க, அதன் விளிம்பிலேயே ஆறாயிரம் அடி மலைமுகம் மதில்போல் எழுகின்றது. டக்கோட்டா நிமிடத்துக்கு மூன்று மைலளவு முன்னேறும். அந்நிமிடத்தில் ஆயிரம் அடியளவே மேலேறவல்லது. மலையை ஒரு மைலுக்கு இப்பாற் கண்டவனுக்குத் திரும்பவோ மேலேறவோ இருபது விநாடிகளே உள. முகிலினுட் சென்றவனுக்கு அதுவும் இல்லை.

அவ்விமானத்தில் ஆபிரகாம் வால்ட் என்னும் பேராசிரியரும் அவர் மனைவியாரும் இருந்தனர். வால்ட் 1902 இல் அன்றைய ஒஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசின் கொலொஸ்வார் நகரில் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். வியன்னாவிற் கணிதம் பயின்றவர். நாசிகளின் ஆட்சி ஒஸ்திரியாவை விழுங்கிய காலத்தில் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானவர். புள்ளிவிபரவியலில் தொடர்முறைப் பகுப்பாய்வு என்னும் துறையை வகுத்தவர் அவரே. இந்திய அரசாங்கத்தின் அழைப்பினை ஏற்று விரிவுரைப் பயணம் மேற்கொண்டிருந்தார். கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளிவிபரவியல் நிறுவனத்துக்குச் சென்றிருந்தார். விபத்து நேர்ந்தபோது அவருக்கு வயது 48. பிள்ளைகள் இருவரும் அமெரிக்காவில் இருந்தனர். அவருள் மூன்று வயதினனாயிருந்த மகன் பிற்காலத்தில் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் ஈர்ப்புக் கோட்பாட்டை ஆராயும் பௌதிகப் பேராசிரியராக விளங்கினார்.

வால்ட் விமான வரலாற்றில் இடம்பெறுவது அவருடைய மரணத்தால் மட்டுமன்று. போர்க்காலத்தில் கொலம்பியாவில் இயங்கிய புள்ளிவிபரவியல் ஆராய்ச்சிக் குழுவில் அவர் பணியாற்றினார். குண்டுவீச்சு விமானங்கள் எதிரியின் சுடுகலங்களுக்கு இலக்காகித் துளையுண்டு திரும்பின. எப்பகுதியில் எத்தனை துளைகள் என்று எண்ணிப் பார்த்தவர்கள், மிகுதியாகத் துளைபட்ட பகுதிகளுக்குக் கவசமிட வேண்டுமென எண்ணுதல் இயல்பு. வால்ட் அவ்வெண்ணத்தின் அடியிலுள்ள பிழையைக் கண்டார். எண்ணப்பட்டவை திரும்பி வந்த விமானங்கள் மட்டுமே. திரும்பி வாராதவை எண்ணிக்கையிற் சேரவில்லை. திரும்பி வந்தவற்றின் இறகுகளில் துளை மிகுந்து இயந்திரத்தில் துளை குறைந்திருப்பின், இயந்திரத்திற் சூடுபட்டவை வீழ்ந்துவிட்டன என்பதே அதன் பொருளாகலாம். ஆகவே துளை காணப்படாத இடத்திலேயே ஆபத்து மிகுதி. இக்கதை பிற்காலத்தில் எளிமைப்படுத்தப்பட்டு, புள்ளிகளிட்ட விமானப் படமொன்றுடன் எங்கும் பரவிவிட்டது. வால்ட் 1943 இல் எழுதிய எட்டுக் குறிப்புரைகளிற் காணப்படுவது அத்தகைய கதையன்று. மீண்டவற்றின் சேதத்திலிருந்து மீளாதவற்றின் நிலையை மதிப்பிடுதற்கான கடினமான கணிதமே. எனினும் கதையின் சாரம் பிழையன்று.

மீண்டவரிடமிருந்து மட்டும் செய்தி பெறுதல் என்னும் இக்குறை போர் விமானங்களுக்கு மட்டும் உரியதன்று. மலையில் மோதும் விபத்துகள் மீண்டும் மீண்டும் நிகழ்வதன் காரணமும் இதனுள் அடங்கியிருக்கின்றது. முகில் கவிந்த கணவாயொன்றினூடு துணிந்து சென்று மறுபுறம் வெளிப்பட்ட விமானி, விமான நிலையத்திலே தன் அனுபவத்தைத் தோழருக்கு எடுத்துரைக்கின்றான். கேட்டவர்கள் அவ்வழி செல்லத்தக்கதென்று கற்றுக்கொள்கின்றனர். அவனும் அடுத்தமுறை சற்றுத் தாழ்ந்த முகிலினூடும் செல்லலாமென்று நம்புகின்றான். அதே கணவாயில் மறுபுறம் வெளிப்படாதவன் யாருக்கும் எதையும் உரைப்பதில்லை. நூறு முறை சென்று மீண்ட மூத்த விமானியிடம் உள்ள நம்பிக்கை நூறு சான்றுகளின்மேல் எழுந்ததுபோலத் தோன்றும். உண்மையில் அது ஒருபக்கச் சான்று. புதியவர் மட்டுமன்றி ஆயிரக்கணக்கான மணித்தியாலம் பறந்த அனுபவசாலிகளும் மலைகளில் மோதி மாண்டிருத்தலை இவ்வாறன்றி விளக்குதல் அரிது. லீ-மலரியும் முதல் உலகப்போர்க் காலம் முதலாக விமானத்துறையில் இருந்தவரேயாவர்.

முகிலினுட் புகுந்தவனுக்கு நேர்வது யாது என்பதை அறிய, 1954 இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை நடத்தப்பட்டது. கருவிகளை மட்டும் நோக்கிப் பறக்கும் பயிற்சி பெறாத இருபது பேர், பயிற்றுநருடன் விமானத்தில் ஏற்றப்பட்டு, வெளிக்காட்சி மறைக்கப்பட்ட நிலையில் அதனைச் செலுத்துமாறு விடப்பட்டனர். இருபதின்மரும் விமானத்தின் மீதுள்ள கட்டுப்பாட்டை இழந்தனர். அதற்குச் சென்ற நேரம் சராசரியாக 178 விநாடிகள், அதாவது மூன்று நிமிடத்துக்கும் குறைவு. மனிதன் நிமிர்ந்து நிற்பதைத் தனக்கு உணர்த்துவது கண்ணும் உட்செவியிலுள்ள நீர்மக் குழாய்களுமே. கண் மறைக்கப்பட்டவுடன் செவி பொய்யுரைக்கத் தொடங்குகின்றது. மெதுவாக ஒருபுறம் சாய்ந்து வட்டமிட்டுக் கீழிறங்கும் விமானத்தில் இருப்பவனுக்கு, தான் நேரே செல்வதாகவே தோன்றும். இஃது உடலின் இயல்பேயன்றி வீரத்தின் குறைவன்று. பயிற்சியால் செவியை நம்பாது கருவியை நம்பப் பழகலாமேயொழிய, செவியைத் திருத்த எவராலும் இயலாது.

இலங்கை மலைநாட்டின் மிகப் பெரிய விமான விபத்து 1974 ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 4 ஆந் திகதி இரவு நிகழ்ந்தது. ஒல்லாந்து தேசத்து மார்ட்டினேயர் நிறுவனத்தின் டி.சி. 8 விமானம், மக்கா யாத்திரை செல்லும் இந்தோனேசிய முஸ்லிம்களை ஏற்றிக்கொண்டு சுரபாயாவிலிருந்து கட்டுநாயக்காவை நோக்கி வந்தது. மசுக்கெலியாப் பகுதியிலுள்ள சப்த கன்னி மலையில் அது மோதியது. 182 யாத்திரிகரும் 9 பணியாளரும் மாண்டனர். அது சிறிய விமானமன்று. நான்கு இயந்திரங்கள் கொண்ட பெருவிமானம். ஆயினும் நீலகிரியில் டக்கோட்டாவுக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. விமானப் பணியாளர் விமான நிலையத்தை நெருங்கிவிட்டதாக எண்ணி உயரத்தைக் குறைத்தனர். உண்மையில் அவர்கள் இன்னும் மலைநாட்டின் மேலேயே இருந்தனர். அவர்களுடைய கருவிகள் அவர்களுக்குக் காட்டிய இடம் ஒன்று. அவர்கள் இருந்த இடம் வேறொன்று. ஏழு கன்னியர் என மக்கள் கதை கூறிப் போற்றும் அம்முகடுகள் பகலொளியில் வெகுதொலைவிலிருந்தே தெரிவன. நோட்டன் பிரிட்ஜில் இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் ஒன்று உளது.

அதற்கு மூன்று நாள் முன்னர், டிசம்பர் முதலாந் திகதி, அமெரிக்காவின் வேர்ஜீனியா மாகாணத்தில் டி.டபிள்யு.ஏ. நிறுவனத்தின் போயிங் விமானமொன்று மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அவ்விபத்தை அடுத்தே, தரை அண்மிப்பதை எச்சரிக்கும் கருவியைப் பெரிய பயணிகள் விமானங்கள் யாவும் தாங்கவேண்டுமென அமெரிக்க அரசு விதித்தது. டொன் பேற்மன் என்னும் பொறியியலாளர் உருவாக்கிய கருவி அது. அதன் முதல் வடிவம் கீழேயுள்ள தரையை மட்டும் வானொலி அலையால் அளந்தது. ஆதலால் செங்குத்தான மலைமுகம் எதிர்ப்பட்டால் எச்சரிக்கை பிந்தியே ஒலித்தது. 1990 களில் உலகத்தின் மேடுபள்ளங்கள் யாவற்றையும் தன்னுள் பதிவுசெய்து, விமானம் உள்ள இடத்துடன் ஒப்பிட்டு, முன்னே வரும் மலையை உரைக்கும் கருவியாக அவரே அதனை வளர்த்தார். கடலோடிக்குக் கரையோரக் குன்று செய்த உதவியை, முகிலினூடும் செய்யவல்ல கருவி இதுவேயாகும். பெருவிமானங்கள் மலையில் மோதுவது அதன்பின் மிக அருகிவிட்டது. ஆயின் விதிகள் பெரிய விமானங்களையே முதலிற் கருதின. அமெரிக்காவில் 2000 ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட விதியுங்கூட, ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட பயணியர் இருக்கைகளுடைய சுழலி இயந்திர விமானங்களோடு நின்றுவிட்டது. அதற்குக் கீழ்ப்பட்ட சிறு விமானங்கள் விமானியின் கண்ணையும் விவேகத்தையுமே நம்பிப் பறக்க விடப்பட்டன.

சிறு கலங்களின் துயரம் நம் மலைகளில் இந்நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 2020 ஆம் ஆண்டு ஜனவரி 3 ஆந் திகதி, வீரவிலவிலிருந்து கண்காணிப்புப் பணிக்காகப் புறப்பட்ட இலங்கை விமானப்படையின் வை 12 விமானம் அப்புத்தளையில் வீழ்ந்து, அதிலிருந்த நால்வரும் இறந்தனர். 2021 ஆம் ஆண்டு டிசம்பர் 8 ஆந் திகதி நீலகிரி மீண்டும் செய்தியாயிற்று. இந்திய முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், மனைவியார், அதிகாரிகள், படைவீரர் ஆகிய பதினால்வருடன் எம்.ஐ. 17 வகை உலங்குவானூர்தி முற்பகல் 11.48 மணிக்குச் சூலூரிலிருந்து எழுந்தது. 12.15 மணிக்கு வெலிங்டனில் இறங்கவேண்டும். 12.08 மணியளவில் தொடர்பு அறுந்தது. குன்னூர் மலைரயிற் பாதையில் நின்ற சிலர், அது மூடுபனிக்குள் நுழைந்து மறையும் காட்சியைப் படம்பிடித்திருந்தனர். நஞ்சப்பச்சத்திரம் என்னும் சிற்றூரின் மக்கள் தீயினிடையே ஓடிச்சென்று தம்மால் இயன்றதைச் செய்தனர். பதின்மூவர் அன்றே மாண்டனர். எஞ்சிய ஒருவர் ஒரு கிழமையின் பின் உயிர்நீத்தார்.

முப்படை விசாரணை மன்று இயந்திரக் கோளாறும் சதியும் அசட்டையும் காரணமல்ல எனக் கூறிற்று. பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராது மாறியமையால் ஊர்தி முகிலினுட் புகுந்தது. விமானி திசையுணர்வை இழந்தார். கட்டுப்பாட்டில் இருந்தவாறே ஊர்தி மலையில் மோதியது என்பது அதன் முடிவு. 2024 இல் இந்திய நாடாளுமன்றத்துப் பாதுகாப்பு நிலைக்குழுவின் அறிக்கையில் இணைக்கப்பட்ட பட்டியலிலோ அதே விபத்து விமானப் பணியாளரின் மனிதத் தவறு என்னும் இரண்டு சொற்களில் அடக்கப்பட்டது. இரண்டும் ஒரே நிகழ்ச்சியைப் பற்றிய கூற்றுகள். ஒன்று நிகழ்ந்தவாற்றை உரைக்கின்றது. மற்றது பொறுப்பை ஒருவர்மேற் சாற்றுகின்றது. இறந்த விமானி தன் பக்கத்தை எடுத்துரைக்க வாரான். பட்டியல் எழுதுவோர்க்கு அது வசதி; வரலாறு எழுதுவோர்க்கு அதுவே இடர். 178 விநாடிகளில் எந்த மனிதனின் செவியும் பொய்யுரைக்கும் என்பதை அறிந்தபின், தவறு முகிலினுட் சென்ற அக்கணத்தில் நேர்ந்ததா, அன்றி அந்நாளில் அப்பள்ளத்தாக்கு வழியாகச் செல்லலாமென்று யாரோ முடிவு செய்த வேளையில் நேர்ந்ததா என்று வினவுதல் தகும். லீ-மலரியின் விபத்தை ஆராய்ந்தவர்கள் அவ்வினாவை எழுப்பினர், விடையும் கண்டனர். பிற விபத்துகள் பலவற்றில் அவ்வினா எழுப்பப்படுவதற்கு முன்னரே கோவை மூடப்பட்டுவிடுகின்றது.

1974 இன் இரு விபத்துகளும், நீலகிரியின் இரு விபத்துகளும் டிசம்பர் மாதத்தின் முதற் பதின்மூன்று நாட்களுள் நிகழ்ந்தவை. நான்கைக் கொண்டு விதி வகுத்தல் புள்ளிவிபரவியலார் ஏற்கும் செயலன்று. மார்ட்டினேயர் விமானத்துக்கு இரவின் இருளே முகிலுக்கு ஈடாக நின்றது. வேர்ஜீனியாவுக்குப் பருவக்காற்று இல்லை. எனினும் தென்னிந்திய மலைகளின் கீழ்ச்சாரலும் இலங்கை மலைநாட்டின் கீழ்ச்சாரலும் வடகீழ்ப் பருவக்காற்றை நேரே எதிர்கொள்ளும் மாதம் அதுவென்பது விமானிகள் மறத்தற்குரியதன்று.

வால்டின் குறிப்புரைகள் போர்க்காலத்தில் படைத்துறையின் பயன்பாட்டுக்காக எழுதப்பட்டவை; அவர் வாழ்நாளில் அவை பொதுமக்கள் கையை எட்டவில்லை. அமெரிக்கக் கடற்படையுடன் தொடர்புடைய ஆராய்ச்சி நிலையமொன்று அவற்றைத் தொகுத்து மீள வெளியிட்டது 1980 ஆம் ஆண்டிலேயே. கோத்தகிரி மலைச்சாரலில் அவர் மாண்டு முப்பதாவது ஆண்டு அது.